சான்றிதழ் வரும்வரை வகுப்பறை காத்திருக்கலாமா?

சென்னையின் மேற்குப் புறநகரில், குமணன்சாவடியிலிருந்து டிரங்க் சாலையில் மேற்கே சிறிது தூரம் போனால் பூந்தமல்லி. பார்வையற்றோருக்கான அரசு மேல்நிலைப் பள்ளியும், பார்வைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும் அங்கே இருக்கின்றன. பாடநூல்களைப் பிரெயிலில் அச்சிடும் அச்சகமும் அந்த ஊரில் உண்டு. விரல் நுனியால் படிக்கும் பிள்ளையிடம் "கொஞ்சம் முயற்சி செய், கண்ணாலேயே படிக்கலாம்" என்று எந்த ஆசிரியரும் சொல்லமாட்டார். பிரெயில் புத்தகத்தைச் சலுகை என்றும் எவரும் கருதுவதில்லை. அதே சாலையோரத்தில் இருக்கும் சாதாரணப் பள்ளிகளில், கண்ணும் காதும் நன்றாக இருந்தும் ஒரு வரியைத் தடுமாறாமல் படிக்க முடியாத பிள்ளைகள் இருக்கிறார்கள். ஐந்து நிமிடம் உட்கார முடியாதவர்கள், மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு அழுபவர்கள் இருக்கிறார்கள். "முயற்சி செய்" என்பது இவர்கள் அன்றாடம் கேட்கும் சொல். வேறுபாடு மூளையின் இயக்கத்தில் இருப்பதால் அது வெளியே தெரிவதில்லை. தெரியாததால் அது குணக்கேடாகவோ வளர்ப்புக் கோளாறாகவோ வாசிக்கப்படுகிறது. மருத்துவர் பெயர் சூட்டி, சான்றிதழ் கைக்கு வந்த பிறகுதான் இவர்களுக்கு உதவி தொடங்க வேண்டும் என்ற இன்றைய நடைமுறை தவறான வரிசையில் நிற்கிறது. முதலில் மாற வேண்டியது வகுப்பறை. சான்றிதழும் நிபுணரும் அந்த அடித்தளத்தின் மேல் வர வேண்டும். இதற்கான ஆதாரம் போதுமான அளவு சேர்ந்திருக்கிறது.

முதலில் அளவு. இந்தியாவில் பல்வால், காங்ரா, டேங்கனால், வடக்கு கோவா, ஹைதராபாத் ஆகிய ஐந்து இடங்களில் 2 முதல் 9 வயது வரையிலான 3,964 குழந்தைகளை ஆராய்ந்த பெரிய ஆய்வு ஒன்று 2018-இல் வெளியானது. ஆட்டிசம், கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் சேர்ந்த ஏ.டி.எச்.டி., கற்றல் குறைபாடு, அறிவுவளர்ச்சிக் குறைபாடு, பேச்சுச் சிக்கல், வலிப்பு, பார்வை மற்றும் கேட்டல் குறைகள் உள்ளிட்ட ஒன்பது வகை நரம்பு வளர்ச்சிச் சிக்கல்களை அது கணக்கிட்டது. 6 முதல் 9 வயதுப் பிள்ளைகளில் குறைந்தது ஒரு சிக்கலாவது உள்ளவர்கள், இடத்துக்கு இடம் 6.5 சதவீதத்திலிருந்து 18.5 சதவீதம் வரை இருந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சிக்கல்கள். நாற்பது பேர் உட்காரும் வகுப்பில் மூன்று முதல் ஏழு பிள்ளைகள் என்று இதற்குப் பொருள். எங்கோ ஒரு வீட்டில் ஒரு குழந்தை என்று நினைத்துக்கொண்டிருக்கும் வரை சிறப்புப் பள்ளியும் சிறப்பு மருத்துவரும் போதும் என்றே தோன்றும். ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு பெஞ்சு நிறைய இருக்கிறார்கள் என்றால் அந்தக் கணக்கு பொய்த்துவிடுகிறது.

வாசிப்பை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் பள்ளி ஒரு பிள்ளையை எடைபோடுவது பெரும்பாலும் இதை வைத்துத்தான். மனிதன் பேசத் தொடங்கிப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. எழுத்து தோன்றி ஐயாயிரம் ஆண்டுகள்தான். வாசிப்பதற்கென்று மூளையில் பிறவியிலேயே ஒரு பகுதி அமையவில்லை. பொருட்களையும் முகங்களையும் அடையாளம் காணும் மூளையின் இடப்பக்கப் பின்பகுதி ஒன்று, பயிற்சியால் எழுத்துகளை அடையாளம் காணப் பழகி, ஒலியைக் கையாளும் பகுதிகளோடு இணைப்பை வளர்த்துக்கொள்கிறது என்பதைப் பிரெஞ்சு நரம்பியலாளர் ஸ்தானிஸ்லாஸ் தெஹேனின் ஆய்வுகள் காட்டின. டிஸ்லெக்சியா எனும் வாசிப்புக் குறைபாடு உள்ள பிள்ளைகளில் இந்த இணைப்பு மெதுவாகவும் அரைகுறையாகவும் அமைகிறது. சொல்லைத் துண்டுதுண்டான ஒலிகளாகப் பிரித்துப் பார்ப்பதில்தான் அவர்களில் பெரும்பாலோருக்குச் சிக்கல். அறிவுக்கூர்மைக்கும் இதற்கும் தொடர்பில்லை. 1901-இல் இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான் இருந்தார்கள். அப்போதும் இதே மூளை அமைப்போடு பிள்ளைகள் பிறந்திருப்பார்கள். நெசவிலும் உழவிலும் தச்சிலும் அது ஒரு குறையாக வெளிப்பட்டிருக்க வாய்ப்பு குறைவு. எல்லாப் பிள்ளையும் ஆறு வயதில் படித்தாக வேண்டும் என்று சமூகம் முடிவு செய்தது. அது நல்ல முடிவு. அந்த முடிவோடு வந்த பொறுப்பு ஒன்றும் இருக்கிறது.

தமிழ் எழுத்து இந்தப் பிள்ளைகளிடம் என்ன கேட்கிறது என்று கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். 'கொ' என்ற ஒரே எழுத்தைப் பாருங்கள். கண்ணுக்கு முதலில் படுவது ஒற்றைக்கொம்பு, அடுத்து 'க', அதன்பின் துணைக்கால். காதுக்கு வரும் வரிசையோ முதலில் 'க்', பிறகு 'ஒ'. கொம்பு மட்டும் இருந்தால் 'கெ', கால் மட்டும் இருந்தால் 'கா', இரண்டும் சேர்ந்தால் 'எ' ஒலியும் இல்லை, 'ஆ' ஒலியும் இல்லை, மூன்றாவதாக ஒன்று. பிள்ளை முதலில் பார்த்ததை நினைவில் நிறுத்திவைத்து, வலப்பக்கம் கால் இருக்கிறதா என்று பார்த்து, பிறகுதான் உச்சரிக்க முடியும். உகர வரிசையில் கு, சு, து, மு, ரு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு உருவம். 'கடல்', 'மகன்', 'தங்கம்' என்ற மூன்று சொல்லிலும் 'க' ஒன்றுதான். ஒலி மூன்று விதம். வீட்டில் "வந்துட்டிருக்கான்" என்று கேட்ட காது, புத்தகத்தில் "வந்துகொண்டிருக்கிறான்" என்பதைப் படிக்க வேண்டும். பழகியவர்களுக்கு இவை கண்ணில்கூடப் படாது. ஒலியைப் பிரிப்பதில் ஏற்கெனவே தடுமாறும் பிள்ளைக்கு ஒவ்வொன்றும் ஒரு படிக்கட்டு. தமிழின் உறவு மொழியான கன்னடத்தில் சோனாலி நாக் செய்த ஆய்வுகள், இத்தகைய எழுத்துமுறையை முழுமையாகக் கைக்கொள்ளச் சாதாரணப் பிள்ளைகளுக்கே நான்காம் வகுப்பு வரையோ அதற்கு மேலோ ஆகிறது என்று காட்டின. ஆங்கிலப் பிள்ளை 26 எழுத்துகளை முடித்துவிடும் வயதை அளவுகோலாக வைத்து, இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பிள்ளையை மக்கு என்று முடிவுகட்டுவது முதல் பிழை. மற்ற பிள்ளைகள் மெல்ல முன்னேறும்போது அந்தப் பாதையிலேயே அசையாமல் நிற்கும் பிள்ளையைக் கவனிக்காமல் விடுவது இரண்டாவது பிழை.

இங்கே நம் மொழியின் வரலாற்றிலேயே ஒரு சான்று இருக்கிறது. லை, ளை, ணை, னை ஆகியவற்றில் ஐகாரம் ஒருகாலத்தில் துதிக்கை போன்ற தனி உருவத்தில் எழுதப்பட்டது. றா, ணா, னா ஆகியவற்றுக்கும் தனித்தனி வடிவங்கள் இருந்தன. பெரியார் 1930-களிலேயே கையாளத் தொடங்கிய சீர்திருத்தத்தை 1978-இல் தமிழக அரசு ஏற்று, அவற்றைப் பொது விதிக்குள் கொண்டுவந்தது. அச்சுக்கும் கற்பதற்கும் எளிது என்பதற்காக ஒரு சமூகம் தன் எழுத்தையே மாற்றிக்கொண்டது. அதனால் தமிழின் தரம் இறங்கவில்லை. பிள்ளை பணிக்கு ஏற்ப மாறட்டும் என்று காத்திருக்காமல், பணியைப் பிள்ளைக்கு ஏற்ப மாற்றுவது நமக்குப் புதியதல்ல.

டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்குச் செய்ய வேண்டியவையும் அந்த வகைதான். ஒலியிலிருந்து எழுத்துக்கு, படிப்படியாக, வெளிப்படையாகச் சொல்லிக்கொடுக்கும் முறையே பலன் தருகிறது என்பதில் வாசிப்பு ஆய்வாளர்களிடையே இன்று பெரிய கருத்து வேறுபாடு இல்லை. 'க்'கும் 'இ'யும் சேர்ந்தால் 'கி' என்று பிரித்தும் கூட்டியும் காட்டுவது தமிழ் இலக்கணத்தின் அடிப்படையிலேயே இருப்பது. ஒலியின் அளவைக் கண் இமைக்கும் நேரத்தாலும் கை நொடிக்கும் நேரத்தாலும் அளந்த தொல்காப்பியத்தின் மரபு நம்முடையது. டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகளுக்குப் பேச்சின் தாளத்தை உணர்வதிலேயே சிரமம் இருக்கிறது என்பது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் உஷா கோஸ்வாமி பல ஆண்டுகளாக ஆராய்ந்துவரும் கருத்து. குறிலுக்கு ஒரு தட்டு, நெடிலுக்கு நீட்டி ஒரு தட்டு என்று கைதட்டிச் சொல்லைப் பிரிக்கும் விளையாட்டை முதல் வகுப்பில் பத்து நிமிடம் நடத்த எந்த நிதி ஒதுக்கீடும் வேண்டியதில்லை. இன்னொன்று: இத்தாலிய, பிரெஞ்சுப் பிள்ளைகளிடம் செய்து 2012-இல் வெளியான ஆய்வில், எழுத்துகளுக்கிடையே இடைவெளியைக் கூட்டி அச்சிட்டதும் டிஸ்லெக்சியா உள்ளவர்களின் வாசிப்பு வேகம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடியது, பிழைகள் ஏறத்தாழப் பாதியாயின. வினாத்தாளை நெருக்கி அச்சிட்டுக் காகிதம் மிச்சம் பிடிக்கும் பள்ளிகள் இதை யோசிக்க வேண்டும்.

ஏ.டி.எச்.டி. விஷயத்தில் "சேட்டை", "அறுந்த வாலு" போன்ற சொற்கள் அறிவியலை மறைத்துவிடுகின்றன. பிலிப் ஷா குழுவினர் 2007-இல் வெளியிட்ட ஆய்வில் ஏ.டி.எச்.டி. உள்ள 223 பிள்ளைகளின் மூளைப் படங்களை அதே எண்ணிக்கையிலான மற்ற பிள்ளைகளோடு ஒப்பிட்டார்கள். மூளையின் மேலுறை உச்சத் தடிமனை எட்டும் இடைநிலை வயது மற்றவர்களுக்கு ஏழரை, ஏ.டி.எச்.டி. உள்ளவர்களுக்குப் பத்தரை. தன்னைக் கட்டுப்படுத்தவும் திட்டமிடவும் உதவும் மூளையின் முன்பகுதியில்தான் தாமதம் அதிகம். உடலசைவை இயக்கும் பகுதியோ சற்று முன்னதாகவே முதிர்ந்துவிடுகிறது. இது சராசரிக் கணக்கு. ஒரு தனிப் பிள்ளையைப் படம் எடுத்து முடிவு சொல்ல முடியாது. ஆனாலும், பத்து வயதுப் பிள்ளையிடம் பத்து வயதுக்குரிய பாடத்தையும் ஏழு வயதுக்குரிய பொறுமையையும் ஒருசேர எதிர்பார்க்க வேண்டியிருக்கலாம் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. ஆசிரியர் ஒரே மூச்சில் "நோட்டை எடு, தேதி போடு, பக்கம் 42-ஐத் திற, மூன்றாவது கணக்கைப் போடு" என்றால் அந்தப் பிள்ளை நோட்டோடு நின்றுவிடும். ஒவ்வொன்றாகச் சொல்லி, கரும்பலகையின் ஓரத்தில் எழுதியும் வைத்தால் கணக்குக்கு வந்து சேரும். நோட்டுகளை விநியோகிக்கும் வேலை, சாக்பீஸ் வாங்கிவரும் வேலை, செடிக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை ஆகியவற்றை முறையாக அவனுக்கோ அவளுக்கோ ஒதுக்கினால், எழுந்து ஓடும் துடிப்புக்கு ஒரு வழி கிடைக்கிறது. மருந்து தேவைப்படும் பிள்ளைகள் உண்டு, அதை மருத்துவர் முடிவு செய்ய வேண்டும். மேலே சொன்ன வகுப்பு மாற்றங்கள் எதற்கும் மருத்துவர் தேவையில்லை.

ஆட்டிசத்தில் புலன்களின் கூர்மை பற்றிப் பள்ளிகள் மிகக் குறைவாகவே யோசிக்கின்றன. 2013-இல் வந்த அமெரிக்க உளநோய் வகைப்பாட்டுக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, ஒலி, ஒளி, தொடுகைக்கு அளவு மீறியோ குறைந்தோ எதிர்வினை காட்டுவதை ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்த்தது. வகுப்பறையின் பின்னணி இரைச்சல் 35 டெசிபலைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 1999-ஆம் ஆண்டுப் பரிந்துரை. பள்ளியைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி, பகலில் 50 டெசிபல் வரம்பு என்று இந்தியாவின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதி வகுத்தது. குமணன்சாவடிச் சந்திப்பில் லாரிகளும் பேருந்துகளும் ஆட்டோக்களும் ஒன்றையொன்று முந்த ஹாரன் அடிக்கும் காலை எட்டரை மணியை நினைத்துப் பாருங்கள். சாலையோரத்து சன்னலுக்குப் பக்கத்தில் ஆட்டிசம் உள்ள ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கிறது. கூரை கான்கிரீட்டோ தகரமோ, எழும் ஒலி அடங்காமல் எதிரொலிக்கிறது. மற்றவர்களின் மூளை ஹாரனை ஒதுக்கிவிட்டு ஆசிரியர் குரலைப் பிடித்துக்கொள்கிறது. இந்தப் பிள்ளையின் மூளைக்கு எல்லாம் ஒரே உரப்பில் வந்து விழுகிறது. அது காதைப் பொத்துவதும், மேசைக்கடியில் புகுவதும், கத்துவதும் ஒழுங்கீனம் ஆகாது. சாலைக்கு எதிர்ப்பக்கச் சுவரோரம் இடம் கொடுப்பது, மணி அடிப்பதற்கு ஒரு நிமிடம் முன்பே சொல்லிவைப்பது, வழிபாட்டுக் கூட்டத்தில் ஒலிபெருக்கியிலிருந்து தள்ளி நிற்கவைப்பது, அன்றைய நாளின் நிகழ்ச்சி வரிசையைப் படமாகவோ எழுத்தாகவோ முன்னால் மாட்டிவைப்பது என எல்லாமே ஒரு தலைமையாசிரியரின் ஒற்றைச் சொல்லில் நடக்கக்கூடியவை. இரைச்சல் குறைந்தால் ஆட்டிசம் இல்லாத பிள்ளைகளுக்கும் பாடம் நன்றாகக் கேட்கும். வளரும் பிள்ளைகளின் காது பெரியவர்களைவிட அதிகமாக இரைச்சலில் தடுமாறும் என்பதால், ஆசிரியர் குரல் பின்னணியைவிடக் குறைந்தது 15 டெசிபல் தூக்கலாக இருக்க வேண்டும் என்று கேட்டல் துறையினர் கேட்கிறார்கள்.

"செல்போனைக் கையில் கொடுத்ததால்தான் இப்படி", "அம்மா வேலைக்குப் போவதால்தான் பேச்சு வரவில்லை" என்ற பேச்சை இங்கேயே நிறுத்திவிட வேண்டும். குளிர்ந்த மனம் கொண்ட தாயால்தான் ஆட்டிசம் வருகிறது என்று மேலைநாடுகளும் ஒருகாலத்தில் நம்பின. புரூனோ பெட்டல்ஹைம் 1967-இல் அதைப் புத்தகமாகவே எழுதினார். பத்தே ஆண்டுகளில், 1977-இல், சூசன் ஃபோல்ஸ்டைனும் மைக்கேல் ரட்டரும் 21 இரட்டையர் ஜோடிகளை ஆராய்ந்து, ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரிடம்தான் ஆட்டிசம் இருவருக்கும் சேர்ந்து வருகிறது என்று காட்டினார்கள். ஐந்து நாடுகளில் சுமார் 20 லட்சம் பிள்ளைகளின் தரவை வைத்து 2019-இல் வந்த ஆய்வு, மக்களிடையே ஆட்டிசத்தில் காணப்படும் வேறுபாட்டில் 80 சதவீத அளவுக்கு மரபணுக் காரணம் இருப்பதாகக் கணக்கிட்டது. திரை நேரத்தைக் குறைப்பது எல்லாப் பிள்ளைக்கும் நல்லது, தூக்கமும் பேச்சும் கூடும். அதைச் சொல்லி ஒரு தாயைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த எந்த ஆதாரமும் இல்லை.

இப்போது சட்டத்துக்கு வருவோம். 1995-ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டத்தில் ஆட்டிசமோ கற்றல் குறைபாடோ கிடையாது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலை 21 வகைகளாக விரித்து இரண்டையும் சேர்த்தது. 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அந்தப் பட்டியலில் இன்றும் ஏ.டி.எச்.டி. தனியாக இல்லை. கற்றல் குறைபாட்டுக்கான சான்றிதழை எட்டு வயது நிரம்பிய பிறகே வழங்க வேண்டும் என்று 2018-இல் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல் சொன்னது. பதினான்கிலும் பதினெட்டிலும் மறுபடி மதிப்பீடு. எட்டு வயது என்பதற்கு மருத்துவ நியாயம் உண்டு: அதற்கு முன் தாமதமாகக் கற்கும் பிள்ளைக்கும் கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைக்கும் வேறுபாடு காண்பது கடினம். அப்படியானால் ஐந்து வயதில் பள்ளியில் சேர்ந்த பிள்ளை மூன்று ஆண்டுகள் என்ன செய்வது? அந்த மூன்று ஆண்டுகளில்தான் மற்றவர்கள் எழுத்தைக் கடந்து வாக்கியத்துக்குப் போகிறார்கள், இந்தப் பிள்ளை தன்னை முட்டாள் என்று நம்பக் கற்றுக்கொள்கிறது. சான்றிதழுக்கான முகாமும் மருத்துவக் குழுவும் இருக்கும் இடத்துக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக, அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலோ திருமழிசையிலோ நாள்கூலிக்கு வேலை பார்க்கும் பெற்றோர் அன்றைய கூலியை இழக்க வேண்டும், பலமுறை. வீட்டில் தெலுங்கோ இந்தியோ ஒடியாவோ பேசிவிட்டுத் தமிழ் வகுப்பில் உட்காரும் புலம்பெயர் தொழிலாளர் பிள்ளைகளும் இந்த மேற்குப் புறநகரில் ஏராளம். அவர்களுடைய மொழித் தயக்கத்தைக் கற்றல் குறைபாடு என்று தவறாகப் பதிவதும் நடக்கலாம், உண்மையான குறைபாட்டை மொழிச் சிக்கல் என்று தள்ளிவிடுவதும் நடக்கலாம். சான்றிதழை வாசற்கதவாக வைத்தால் இவ்வளவு பேர் வெளியே நிற்பார்கள்.

அதே சட்டத்தின் 16-ஆம் பிரிவு, கல்வி நிறுவனங்கள் பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும், ஒவ்வொருவர் தேவைக்கும் ஏற்ற நியாயமான வசதிகளைச் செய்ய வேண்டும் என்கிறது. குறைபாடு குறைந்தது 40 சதவீதம் இருக்க வேண்டும் என்ற வரம்பு இடஒதுக்கீடு போன்ற குறிப்பிட்ட பலன்களுக்குத்தான். சன்னலோரத்திலிருந்து இடம் மாற்றித் தர எந்தச் சதவீதமும் வேண்டாம். தமிழகத்தில் இதற்கான விதைகளும் இருக்கின்றன. 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் தொடக்க வகுப்புப் பிள்ளைகளை அவர்கள் உண்மையில் இருக்கும் நிலையை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பிக்கச் சொல்கிறது. வயதுக்குப் பதில் நிலையைப் பார்ப்பது என்ற அந்த ஒரு முடிவு, சான்றிதழே இல்லாத ஒரு டிஸ்லெக்சியா பிள்ளைக்கு எத்தனையோ சுற்றறிக்கைகளைவிடப் பயன்படும். ஆண்டு முழுவதும் அரும்பிலேயே நிற்கும் பிள்ளை யார் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். பள்ளிக் கல்வித் துறையின் நலம் நாடி செயலி வழியாக ஆசிரியர்களே முதற்கட்டமாகக் கண்டறிந்து பதிவு செய்யவும் வழி இருக்கிறது. கண்டறிந்த பின் என்ன நடக்கிறது என்பதில்தான் இடைவெளி.

"நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் தனியாக எப்படிச் செய்வார்?" இந்த எதிர்ப்பு நேர்மையானது, ஆசிரியர்கள் களைத்துப்போய்ச் சொல்வது. கல்வி உரிமைச் சட்டம் தொடக்க வகுப்பில் 30 பேருக்கு ஓர் ஆசிரியர் என்று சொன்னாலும், வேகமாக வளரும் புறநகர்களில் வகுப்புகள் நிரம்பி வழியும். அதனால்தான் நாற்பது தனித் திட்டங்கள் என்ற பேச்சே வேண்டாம் என்கிறேன். பலகையில் எழுதிய கட்டளை, கைதட்டிச் சொல் பிரித்தல், அகல இடைவெளி விட்ட அச்சு, குறைந்த இரைச்சல், முன்கூட்டியே சொல்லப்படும் மாற்றம் ஆகிய எதையும் ஒரு பிள்ளைக்காக மட்டும் செய்ய வேண்டியதில்லை. வகுப்பு முழுவதற்கும் ஒரே முறையில் செய்துவிடலாம். அதற்குப் பிறகும் தவிக்கும் ஓரிருவருக்குத்தான் சிறப்புப் பயிற்றுநர் வேண்டும். அந்தப் பயிற்றுநர் வட்டார வளமையத்திலிருந்து வாரத்துக்கு ஒருமுறை எட்டிப்பார்ப்பவராக இருந்தால் போதாது. ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில், தொடக்க வகுப்புகளில் சிறப்புத் தேவையுள்ள 10 பிள்ளைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்று அளவு சொன்னது. 2025 மார்ச்சில் அந்தப் பணியிடங்களை அறிவித்து நிரப்பும்படி மாநிலங்களுக்கு மீண்டும் உத்தரவிட்டது. ஆசிரியர் சுமையைப் பற்றிக் கவலைப்படுபவர்கள் கேட்க வேண்டியது இதைத்தான்.

இன்னொரு தரப்பு, இப்பிள்ளைகள் சேர்ந்தால் மற்றவர் படிப்பு கெடும் என்கிறது. 47 ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் வந்த பகுப்பாய்வில், இத்தகைய பிள்ளைகளோடு சேர்ந்து படித்த மற்ற மாணவர்களின் மதிப்பெண் குறையவில்லை. சிறிதளவு கூடியே இருந்தது. இந்தப் பயத்துக்கு ஆதாரம் இல்லை. ஆனால் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும்: சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளைப் பொது வகுப்பில் உட்காரவைப்பதால் மட்டும் அவர்கள் கல்வியில் தெளிவான முன்னேற்றம் தெரியவில்லை என்று கேம்பல் கூட்டமைப்பின் 2022 மதிப்பாய்வு கண்டது. உள்ளடங்கிய கல்வியை ஆதரிக்கும் நண்பர்கள் பலர் இந்த முடிவைத் தவிர்த்துவிடுகிறார்கள். எனக்கு அது என் வாதத்தின் வலுவான சான்றாகவே படுகிறது. மாறாத வகுப்பில் ஒரு பிள்ளையின் பெயரை வருகைப் பதிவேட்டில் சேர்ப்பது மட்டும் கல்வி ஆகாது. சன்னலோரத்து பெஞ்சும் நெருக்கி அச்சிட்ட வினாத்தாளும் அப்படியே இருந்தால், சேர்த்ததன் பலன் அளவுகோலில் தெரியாமல் போவதில் வியப்பில்லை.

தேர்வில் கூடுதல் நேரம் அநியாயம் என்பவர்களும் இருக்கிறார்கள். தமிழகப் பொதுத் தேர்வுகளில் டிஸ்லெக்சியா உள்ளவர்களுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகத் தரப்படுகிறது, சொல்வதை எழுதுபவரும் அனுமதிக்கப்படுகிறார். கூடுதல் நேரம் எல்லா மாணவர்களுக்கும் ஓரளவு உதவுகிறது, குறைபாடு உள்ளவர்களுக்கு அதைவிட அதிகம் உதவுகிறது என்று 2005-இல் ஸ்டீபன் சிரேசி குழுவினர் ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னார்கள். எல்லோருக்கும் உதவுகிறது என்றால், அந்தத் தேர்வு அறிவோடு சேர்த்து எழுதும் வேகத்தையும் அளக்கிறது என்று ஆகிறது. வரலாற்று வினாவுக்கு வேகம் எதற்கு? நேரத்தை எல்லோருக்கும் தளர்த்துங்கள் என்பதுதான் இந்த எதிர்ப்புக்கு உரிய விடை. உதவி தேவைப்படும் பிள்ளையின் ஒரு மணி நேரத்தைப் பறிப்பது விடையல்ல. சென்னை டிஸ்லெக்சியா சங்கம் போன்ற அமைப்புகள் 1990-களிலிருந்து போராடிப் பெற்றவை இவை. நகரத் தனியார் பள்ளிகளில் இவற்றைப் பற்றித் தெரிந்த பெற்றோர் அதிகம். அரசுப் பள்ளிப் பிள்ளைக்கும் இதே உரிமை உண்டு என்பது அந்தப் பெற்றோர் காதுக்குப் போய்ச் சேர வேண்டும்.

வகுப்பறையை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொன்னால் அது பெரும் அநீதி. பேச்சே வராத, வலிப்பும் அறிவுவளர்ச்சிக் குறைபாடும் சேர்ந்த, இரவெல்லாம் தூங்காத பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களின் பெற்றோரிடம் இது வெறும் வேறுபாடுதான் என்று பேசுவது அவர்கள் படும் பாட்டை மறுப்பதாகும். அவர்களுக்குச் சிகிச்சை வேண்டும், பேச்சுப் பயிற்சி வேண்டும், சிறப்புப் பள்ளியும் சிலருக்கு வேண்டும். முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனமும், சென்னையில் 1985 முதல் இயங்கும் வித்யாசாகர் அமைப்பும் இருக்கின்றன. மேற்குப் புறநகரிலிருந்து அவை தூரம். தூரத்துக்கு ஒரு விடையைக் கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் நடந்து 2016-இல் வெளியான ஆய்வு காட்டுகிறது. ஆட்டிசம் உள்ள 2 முதல் 9 வயது வரையிலான 65 பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப் பேரின் பெற்றோருக்கு, நிபுணர் அல்லாத, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுத்தார்கள். பிள்ளை எதைப் பார்க்கிறதோ அதைப் பற்றிப் பேசு, அதன் சிறு முயற்சிக்கும் காத்திருந்து பதில் கொடு என்பதுதான் அடிப்படை. பெற்றோர் பிள்ளையோடு இசைந்து பழகுவதும், பிள்ளை தானாகத் தொடர்புகொள்ள முன்வருவதும் கூடின. வீடுவீடாகப் போகும் மக்களைத் தேடி மருத்துவம் ஊழியர்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் உள்ள மாநிலத்தில் இதைச் செய்ய ஆட்களைப் புதிதாகத் தேட வேண்டியதில்லை. பயிற்சியும் அதற்குரிய ஊதியமும் வேண்டும்.

பள்ளிக்கு வெளியே ஊருக்கும் பங்கு உண்டு. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் நான்கு வயதுக்கு மேற்பட்டவர்களில் 49 சதவீதம் பேர் ஒருமுறையாவது வீட்டையோ பாதுகாப்பான இடத்தையோ விட்டு ஓட முயன்றிருக்கிறார்கள் என்று அமெரிக்கக் குடும்பங்களிடம் செய்து 2012-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. வாகன விபத்தும் நீரில் மூழ்குவதும்தான் அதில் பெரிய அபாயங்கள். மெட்ரோ ரயிலின் 4-ஆம் வழித்தடத் தூண்களுக்கடியில் நெரியும் டிரங்க் சாலையும், செம்பரம்பாக்கம் ஏரியும் இருக்கும் பகுதியில் இதை ஏட்டுக் கணக்காக விட முடியாது. பெயர் கேட்டால் பதில் சொல்லாத, கண்ணைப் பார்க்காத ஒரு பிள்ளை தனியாக நின்றால், அதைத் திமிர் என்று நினைத்து அதட்டாமல், இறுகப் பிடித்து இழுக்காமல், மெதுவான குரலில் குறைவான சொற்களில் பேசி, சாலையை விட்டு நகர்த்தி 1098-ஐ அழைக்க வேண்டும் என்பதைச் சந்திப்பில் நிற்கும் போக்குவரத்துக் காவலரும், ஆட்டோ நிறுத்தத்தில் இருப்பவர்களும், தேநீர்க் கடைக்காரரும் அறிந்திருக்க வேண்டும். ஆடி மாதத்தில் அம்மன் கோயில் விழாக்குழு கூம்பு ஒலிபெருக்கியை வைக்கும்போது, அந்தத் தெருவில் எந்த வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருக்கிறது என்று விசாரித்து, வேறு பக்கம் திருப்பி வைப்பதால் கூழ் ஊற்றும் விழாவுக்கு ஒரு குறையும் வராது. 2022-இல் மறுகட்டமைக்கப்பட்ட பள்ளி மேலாண்மைக் குழுக்களில் பெற்றோர்களே பெரும்பான்மை. கட்டடம், கழிப்பறை, குடிநீரோடு சேர்த்து, நம் பள்ளியில் அரும்பு நிலையிலேயே நிற்கும் பிள்ளைகள் எத்தனை பேர், அவர்கள் வகுப்பில் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள், சிறப்புப் பயிற்றுநர் கடைசியாக எப்போது வந்தார் என்ற மூன்று கேள்விகளை அடுத்த கூட்டத்தின் தீர்மானப் புத்தகத்தில் எழுதிவைக்க அவர்களுக்கு முழு அதிகாரம் உண்டு.